சும்மா ஓடினால் மட்டும் காசு

அக்காவின் வீட்டுக்குப் போனால் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்க முடியாது. கதிரையைக் காட்டுவார். உட்காருவோம். மூச்சு விடுவதற்குள் மடியில் ஒரு சுளகு வந்துவிடும். அதில் உரிக்க வேண்டிய இறால் இருக்கும், அல்லது காம்பு ஒடிக்க வேண்டிய காய்ந்த மிளகாய் இருக்கும்.

"வாய்தானே கதைக்குது தம்பி. கை சும்மாதானே கிடக்கு," என்பார்.

என் கல்யாணத்துக்குச் சொல்ல நானும் அம்மாவும் போனோம். வெற்றிலைத் தட்டை வாங்கி ஒரு பக்கம் வைத்தார். "நல்லா இருங்க," என்றார். பிறகு என் அம்மா பட்டுச்சீலையோடு உட்கார்ந்து ஒரு சுளகு இறால் உரித்தார். அதற்குப் பிறகு சொல்லப் போன வீடுகளிலெல்லாம் எங்களைக் கண்டதும் பூனைகள்தான் முதலில் எழுந்து வந்தன.

எங்கள் உடப்புக் கரையில் வயதில் மூத்தவர்கள்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெயரை நான் எழுதவில்லை. எழுதினால், "என்ட பேரை வைச்சு அங்க என்ன வேலை நடக்கப் போகுது?" என்று கேட்பார்.

அக்காவிடம் ஒரு பழைய உழவு மிசின், அதாவது டிராக்டர், இருந்தது. கடற்கரையில் உழவு மிசினுக்கு என்ன வேலை என்று வெளியூர் ஆட்கள் கேட்பார்கள். எங்கள் ஊரில் கரைவலைதான் தொழில். தோணி கடலுக்குள் போய் வலையை வளைத்துப் போட்டுவிட்டு வரும். வலையின் இரண்டு பக்கக் கயிறும் கரைக்கு வரும். முன்பு அந்தக் கயிறுகளை ஊரே நின்று இழுத்தது. பிறகு உழவு மிசினின் பின்னால் ஒரு உருளையைப் பூட்டி, அதில் கயிற்றைச் சுற்றி இழுக்கத் தொடங்கினார்கள். மழைக்காலத்தில் அதே மிசின் உள்நாட்டுக்குப் போய் வயல் உழும். ஆடியில் தீமிதிக்கு விறகு ஏற்றும். கரையோரத்தில் உழவு மிசின் வைத்திருக்கிற எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். இது ஒளித்து மறைத்துச் செய்கிற காரியம் இல்லை. றோட்டில் போகிற எவருக்கும் தெரியும்.

என் வேலை அந்த உருளைக்குப் பக்கத்தில் நின்று, வருகிற கயிற்றைப் பிடித்து வட்டமாக அடுக்குவது. அதிகம் கதைக்கத் தேவையில்லாத வேலை. எனக்குப் பொருந்திய வேலை. அதனால் வருடக்கணக்கில் அக்காவுக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

டீசல் அடிக்க மிசின் முந்தலுக்குப் போக வேண்டும். பின்னால் பூட்டுகிற பெட்டியை வெறுமையாக இழுத்துக்கொண்டு போக அக்காவுக்கு மனம் வராது. போகிற வழியில் ஒவ்வொரு வேலியடியிலும் நிறுத்துவார்.

"ஏதும் ஏத்த இருக்கா?"

தேங்காய் இருந்தால் தேங்காய், கருவாடு இருந்தால் கருவாடு, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் இருந்தால் அவர்கள். கூலி வாங்க மாட்டார். "போற மிசின்தானே," என்பார். ஒரு தடவை ஒரு வீட்டு விறாந்தையில் புது அலுமாரி ஒன்று நின்றது. பெண்ணுக்குச் சீதனமாக முந்தலில் இருக்கிற மாப்பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டியது. போக வேண்டிய நாள் அடுத்த கிழமை. வீட்டில் யாரும் இல்லை. அக்கா எங்களைக் கொண்டு அதை ஏற்றிவிட்டார். மாப்பிள்ளை வீடு பூட்டிக் கிடந்தது. மாமரத்தடியில் இறக்கி, படங்கு போட்டு மூடிவிட்டு வந்தோம்.

பின்னேரம் பெண்ணின் தகப்பன் கத்திக்கொண்டு வந்தார். "நாள் பாத்து அனுப்புற சாமானை ஆரைக் கேட்டு ஏத்தின நீ?"

"நாள் கலியாணத்துக்குத்தானே அண்ணே. அலுமாரிக்குமா பாக்கிற? பெட்டி வெறுமையாப் போச்சு. கண்ணால பாத்துக்கொண்டு போகேலாமப் போச்சு."

அந்த வீட்டார் நெடுநாள் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பெரிய சம்மாட்டிதான் சிரித்தார். சம்மாட்டி என்றால் எங்கள் வலைக்குச் சொந்தக்காரர்.

"அக்கா, நீ செத்தாலும் பாடையில ரெண்டு மூட்டை தேங்காயை ஏத்திக்கொண்டுதான் போவ," என்றார்.

"ஏத்தினா என்ன சம்மாட்டி? போற வழிதானே."

இந்தக் குணம் எல்லா நேரமும் சிரிக்கிற மாதிரி இருக்கவில்லை. அவருடைய புருசன் செத்த அன்று நடந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். அக்கா முற்றத்துப் பந்தலில் பிணத்தின் பக்கத்தில் இருந்தார். கொஞ்ச நேரம் அழுதார். பிறகு மூலையில் கிடந்த தென்னோலை ஒன்றை இழுத்து, மடியில் போட்டுப் பின்னத் தொடங்கினார். கிடுகு பின்னுகிறார்! அழுகை அப்படியே நின்றுவிட்டது. எல்லோரும் அவருடைய கையையே பார்த்தார்கள். "கல்நெஞ்சுக்காரி," என்று ஒரு மாமி எனக்குப் பின்னால் நின்று சொன்னார்.  வெளியே போய்விடலாமா என்று யோசித்தேன்.

பின்னி முடித்ததும் என்னைக் கூப்பிட்டார். பந்தலின் கூரையைக் காட்டினார்.

"தம்பி, அந்த ஓட்டையில இதைக் கட்டு. அவர்ட முகத்துல வெயில் படுது."

அப்போதுதான் பார்த்தேன். அத்தனை பேர் இருந்த அந்த வீட்டில் வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை.

புருசனுக்குப் பிறகு மிசினுக்குச் சாரதி வைத்தார். சாரதி தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் மிசினை ஓட விட்டுவிட்டு உள்ளே போய்க் கதைத்துக்கொண்டிருப்பான். அக்கா வீட்டிலிருந்து நடந்து வந்து அதை நிறுத்துவார். கடைக்குள் எட்டிப் பார்ப்பார்.

"ஆருக்காக ஓடுது?"

"நிப்பாட்டினா திரும்ப எடுக்கிறது கஸ்டம் அக்கா. பற்றரி சரியில்ல."

"எடுக்கக் கஸ்டம் எண்டா நீ இறங்காத."

இரண்டு சாரதிகள் கோபித்துக்கொண்டு போனார்கள். மூன்றாவது ஆளைத் தேடாமல் அவரே ஏறி உட்கார்ந்தார். பொம்பிளை மிசின் ஓட்டினால் வலையில் மீன் படாது என்று ஒரு கதை கிளம்பியது. அந்த வருடம் நன்றாகவே மீன் பட்டது. கதையைக் கிளப்பியவர்களும் பங்குக்குக் கூடையோடு வந்து நின்றார்கள்.

இப்போது நான் எழுத வந்த விசயத்துக்கு வருகிறேன்.  

யுத்தம் முடிந்து, றோட்டுகளுக்குக் காப்பெட் என்று புதுத் தார் போட்டு, எல்லா இடத்திலும் திட்டம் திட்டம் என்று வந்துகொண்டிருந்த காலம். ஒரு நாள் ஊர் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். புத்தளத்திலிருந்து ஒரு உத்தியோகத்தர் வந்தார். நல்ல மரியாதையான மனிதர். குரலை உயர்த்த மாட்டார். பழைய உழவு மிசினை அரசாங்கத்திடம் ஒப்படைத்தால், புது மிசின் வாங்குவதற்கு ஒரு பெரும் பங்கை அரசாங்கம் தரும் என்றார்.

"பழசு புகை கக்குது. டீசலைக் குடிக்குது. சாமான் வாங்கப் போனா கடையில இல்ல எண்டுறான். முக்கியமா இந்தக் கரையில நிக்கிறதுகள்தான் முதல்ல போகணும். உப்புக் காத்துல எல்லாம் துரு," என்று சொல்லி, யன்னலால் கையை நீட்டிக் காட்டினார்.

யன்னலுக்கு வெளியே, பக்கத்து வலைக்காரரான சின்னராசா அண்ணனின் மிசின் வலைக் கயிறு இழுத்துக்கொண்டிருந்தது. எல்லோரும் பார்த்தோம். அவரும் பார்த்தார். இதை நான் திரும்பவும் சொல்கிறேன்: உத்தியோகத்தரும் பார்த்தார்.

திட்டத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது. மிசின் ஓடுகிற நிலையில் இருக்க வேண்டும். உத்தியோகத்தரின் கண்முன்னால் எஞ்சின் ஒயிலை முழுக்கக் கழற்றிவிட்டு, எஞ்சின் இறுகி நிற்கும் வரைக்கும் அதை ஓட விட வேண்டும். அப்போதுதான் ஒரே மிசினை வேறு ஊரில் வேறு பெயரில் கொண்டு வந்து ஏமாற்ற முடியாதாம்.

அக்கா எழுந்தார். "ஓடுற சாமானை ஏன் ஐயா இப்பிடிச் சாகடிக்கிற? கழட்டித் தந்தா உங்களுக்கு இரும்பாவது மிஞ்சுமே."

"சட்டம் அப்பிடி அம்மா."

"புதுசு வரும் வரைக்கும் வலையை என்னத்தால இழுக்கிற?"

"ரெண்டு கிழமையில வந்திடும் அம்மா. நான் பொறுப்பு."

வலை என்ற சொல்லை அக்கா சொன்னார். அவர் பதில் சொன்னார். இதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர் கொடுத்தது அக்காதான். காசு ஆசை என்று சிலர் சொன்னார்கள். எனக்குத் தெரியும், அது அல்ல. அந்த மிசின் கடைசி வருடங்களில் இழுக்கிற வேலைக்கும் குடிக்கிற டீசலுக்கும் சம்பந்தமில்லாமல் போயிருந்தது. கறுப்புப் புகை போகும்போதெல்லாம் அக்கா திரும்பிப் பார்ப்பார். "பாத்தியா தம்பி, எரிஞ்சு சும்மா போகுது," என்பார். அந்தச் சும்மா போகிறது அவருக்குப் பொறுக்கவில்லை. அந்த மிசின் ஒன்றுதான் அவருக்குப் பிழைப்பு. எங்கள் வலையில் நின்ற எல்லோருக்கும் அதுதான் பிழைப்பு.

சாகடிக்கிற நாள் வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற திறந்த வெளியில் மிசினை நிறுத்தினோம். அங்கிருந்து பார்த்தால் கரை தெரியும். உத்தியோகத்தர் குடையோடு வந்தார். காஸில் இரும்பு வெட்டுகிற ஒருவரும் கூட வந்தார். ஒயிலைக் கழற்றினோம். கறுப்பாக இறங்கிய ஒயிலை அக்கா ஒரு தகரத்தில் பிடித்து, வேலிக் கட்டைகளுக்குப் பூசச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். பிறகு ஏறி மிசினை எடுத்தார்.

அது ஓடியது. சத்தம் மட்டும் கொஞ்சம் காய்ந்த மாதிரி இருந்தது. நிற்கும் நிற்கும் என்று பார்த்தோம். நிற்கவில்லை. உத்தியோகத்தர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கதிரை கேட்டார். ஒரு வீட்டிலிருந்து கதிரை வந்தது. அவர் உட்கார்ந்தார். மிசின் ஓடியது. அக்கா அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார். சேலைத் தலைப்பைப் பிடித்து முறுக்கினார், விட்டார். இவ்வளவு நேரம் ஒரு மிசின் ஒன்றும் செய்யாமல் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

அப்போது கரையிலிருந்து கூச்சல் கேட்டது. அன்று எங்கள் வலையின் கயிறுகளையும் சின்னராசா அண்ணனின் மிசின்தான் இழுத்துக்கொண்டிருந்தது. அவர் ஓடி வந்தார்.

"அக்கா! என்ட மிசின்ட கிளச்சுப் போச்சு! வலை கிட்ட வந்திட்டுது, மடி நிறைய மீன். நீரோட்டம் தெக்கால இழுக்குது. விட்டா கிழிஞ்சிடும்!"

அக்கா உத்தியோகத்தரைப் பார்த்தார்.

"ஐயா, இது எப்பிடியும் சாகப் போறதுதானே?"

"ஓம்."

"அப்ப இழுத்துச் சாகட்டும்."

ஏறி, கியரைப் போட்டு, மணலில் இறக்கிவிட்டார். உத்தியோகத்தர் எழுந்தார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. நான் பக்கத்தில் நின்றேன். அவர் சிரித்தார். குடையோடு எங்களுக்குப் பின்னால் கரைக்கு வந்தார். போனை எடுத்துப் படமும் பிடித்தார்.

நான் கயிற்றை உருளையில் சுற்றினேன். மிசின் ஒரு உறுமல் உறுமி இழுக்கத் தொடங்கியது. இரும்பு தீய்கிற மணம் வந்தது. புகை கண்ணை மறைத்தது. அக்காவின் முகம் தெரியவில்லை. கை மட்டும் ஸ்டியரிங்கில் தெரிந்தது. வலையின் மிதப்புக் கட்டைகள் அலை உடைகிற இடத்தைத் தாண்டி வந்தன. முழங்கால் தண்ணீருக்கு வந்தபோது உள்ளே படார் என்று ஒரு அடி கேட்டது. மிசின் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

"இனிக் கை," என்று சொல்லிக்கொண்டு அக்கா இறங்கினார். எல்லோரும் கயிற்றைப் பிடித்தோம். வலையின் மடி, அதாவது மீன் சேர்கிற பை, கரைக்கு வந்தது. சாளையும் பாரையுமாக மணல் வெள்ளையாகிவிட்டது. அந்த மாதத்தில் அப்படி ஒரு மீன்பாடு வேறு இல்லை. அக்காவே இரண்டு நல்ல பாரையைப் பொறுக்கி, பையில் போட்டு உத்தியோகத்தரிடம் கொடுத்தார். அவர் மறுக்காமல் வாங்கினார். காஸ்காரர் மிசினின் இரும்புச் சட்டத்தை இரண்டாக வெட்டினார்.

"முடிஞ்சுது அம்மா. இனிப் புதுசுதான்," என்று உத்தியோகத்தர் சொன்னார்.

இரண்டு கிழமை போனது. இன்னும் பல கிழமைகள் போயின. சின்னராசா அண்ணனின் மிசின் கிளச்சு மாற்றி, அவருடைய வலைக்கே போதாமல் ஓடியது. நாங்கள் கையால் இழுத்தோம். அக்காவும் எங்களோடு கயிற்றில் நின்றார். உள்ளங்கை தோல் உரிந்தது. வயதானவர்கள் வருவதை நிறுத்தினார்கள். ஆள் குறைந்தால் வலையை எட்டிப் போட முடியாது. கிட்டப் போட்டால் மீன் இல்லை.

ஒரு நாள் அக்கா, பெரிய சம்மாட்டி, நான் மூன்று பேரும் புத்தளத்துக்கு பஸ் ஏறினோம். பஸ்ஸில் அக்கா யாரோ ஒருத்தியின் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

கந்தோரில் உத்தியோகத்தர் எங்களை இருக்கச் சொன்னார். தேத்தண்ணி எடுப்பித்தார். எவ்வளவு மரியாதை!

"அம்மா, ஒரு சின்னச் சிக்கல். திட்டம் விவசாய உபகரணத்துக்கு மட்டும்தான். உங்கட மிசின் அழியேக்க மீன்பிடி வேலையில இருந்தது. நான் நேர்ல பாத்ததை மாத்தி எழுதேலாது. மேலிடத்தில கேட்டம். ஏலாது எண்டு சொல்லிட்டாங்க."

அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. "என்ன வேலையில இருந்தது?"

"மீன்பிடி வேலையில அம்மா."

"அது வயலும் உழுததுதானே ஐயா. போன மாரிக்கும் உழுதது. பெட்டியைப் பூட்டினா விறகு, கலப்பையைப் பூட்டினா உழவு, உருளையைப் பூட்டினா வலை. மிசின் ஒண்டுதானே."

"விளங்குது அம்மா. ஆனா அழியிற நேரத்தில என்ன பாவனையோ, அதைத்தான் எழுதலாம்."

பெரிய சம்மாட்டிக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, அந்தப் பாரையைக் குழம்பு வைச்சுத் தின்னேக்க அது என்ன, கத்தரிக்காயா?"

உத்தியோகத்தரின் முகம் சிவந்தது. அக்கா சம்மாட்டியின் கையைப் பிடித்தார். "விடுங்க சம்மாட்டி. திண்ட சாப்பாட்டைச் சொல்லிக் காட்டக் கூடாது," என்றார். பிறகு அவரிடம் திரும்பி மெதுவாகக் கேட்டார்.

"நான் அதை அந்த வெளியிலயே சும்மா ஓட விட்டிருந்தா?"

"அப்ப ஒரு பிரச்சினையும் இருந்திருக்காது அம்மா."

"வலை அங்க கிழிஞ்சு போயிருந்தாலும்?"

"அது எங்கட விசயம் இல்லையே அம்மா."

அக்கா தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார். அவர் அதைக் குடிக்கவில்லை. எழுந்து வந்துவிட்டோம்.

நான் படித்தவன் இல்லை. சட்டம் தெரியாது. ஆனால் எனக்கு ஒரு விசயம் விளங்கவில்லை. இத்தனை வருடம் யோசித்தும் விளங்கவில்லை. அந்த மிசின் சாகத்தான் வேண்டும் என்று அவர்கள்தான் சொன்னார்கள். அது செத்தது. பழைய புகை இல்லாமல் போனது. பழைய இரும்பு இல்லாமல் போனது. அவர்களுக்கு வேண்டியது எல்லாம் நடந்தது. சாகிற நேரத்தில் அது நாலு வீட்டுக்குச் சோறு போட்டுவிட்டுச் செத்தது. அதுதான் குற்றம். ஒருவருக்கும் உதவாமல், நின்ற இடத்தில் நின்று, டீசலைக் கடைசிச் சொட்டு வரை வீணாக்கிச் செத்திருந்தால் அது விவசாயம். இப்படி ஒரு கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார்கள்? வேண்டாம் என்று ஒரு சொல், ஒரே ஒரு சொல், அன்று வெளியில் வைத்துச் சொல்லியிருக்கலாமே. சிரித்துக்கொண்டு படம் பிடித்த மனிதர், அந்தப் படத்தையே மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறார்.

அதோடு விட்டார்களா? இல்லை. வெட்டிய மிசினை ஏற்ற லொறி வந்தது. உதவி இல்லை, ஆனால் ஒப்படைத்தது ஒப்படைத்ததுதானாம். அக்கா குறுக்கே நின்றார்.

"திட்டத்துக்கு எண்டுதான் தந்தன். திட்டத்தில நான் இல்ல எண்டா இரும்பு என்டதானே."

"எனக்கு ஏத்தச் சொல்லித்தான் சொன்னவங்க அக்கா. என்னோட சண்டை பிடிச்சு என்ன?" என்று லொறிக்காரன் கெஞ்சினான். பாவம், அவன் கூலிக்கு வந்தவன். அக்கா விலகினார். இரண்டு துண்டாகக் கிடந்த மிசின் சங்கிலியில் தொங்கிக்கொண்டு மேலே போனது.

சில நாளில் சின்னராசா அண்ணனும் வேறு இரண்டு பேரும் தங்கள் மிசின்களுக்குப் பெயர் கொடுத்தார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. உத்தியோகத்தர் அவர்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: அன்றைக்கு மட்டும் கரைப் பக்கம் திரும்பிப் பார்க்காதீர்கள். உருளைகளைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். அவர்கள் அப்படியே செய்தார்கள். அக்கா தன் மிசினைக் கொடுத்து வாங்கிய பாடம் அது. மற்றவர்களுக்குச் சும்மா கிடைத்தது.

அதே வெளியில் மூன்று மிசினையும் வரிசையாக நிறுத்தினார்கள். பொனட்டுகளைக் கழற்றினார்கள். ஒயிலைக் கழற்றினார்கள். மூன்றையும் எடுத்து ஓட விட்டார்கள். ஊர் சனமெல்லாம் கூடி நின்றது. ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. கீழே கரையில் எங்கள் வலை வந்துகொண்டிருந்தது. ஆள் போதாமல் கயிற்றடியில் நின்றவர்கள் கையை அசைத்துக் கூப்பிட்டார்கள். மிசின்காரர்கள் மூவரும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்கள்.

அக்கா வந்தார். கையில் ஒரு கேத்தல் இருந்தது. பெரிய கேத்தல், தண்ணீர் நிறைய. நேராகப் போய்ச் சின்னராசா அண்ணனின் மிசினில், சூடேறிக்கொண்டிருந்த எஞ்சின் தலையில் அதை வைத்தார்.

"இவ்வளவு பேர் நிக்கிறாங்க. சூடு சும்மாதானே போகுது. ஆளுக்கொரு தேத்தண்ணி குடிக்கலாம்," என்றார்.

சிரிப்பு எழும்பியது. நானும் சிரித்தேன். உத்தியோகத்தர் சிரிக்கவில்லை. கதிரையிலிருந்து எழுந்து வந்தார்.

"அம்மா, தயவு செய்து எடுங்க. அதுவும் ஒரு பாவனைதான். பாவனையில இருக்கேக்க அழிஞ்சது எண்டு வந்திடும்."

அவர் அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. போன் அவருடைய கையில் இருந்தது. சிரிப்பு அடங்கிவிட்டது. சின்னராசா அண்ணனின் முகம் வெளுத்தது.

"அக்கா, எடு அக்கா கேத்தல," என்றார். அக்கா அசையவில்லை. "எடு எண்டுறன்! உன்ட மிசின்தான் போச்சு. எங்கட வயித்துலயும் அடிக்கப் போறியா?"

அன்று வலையைக் காப்பாற்ற அக்காவைத் தேடி ஓடி வந்தது இதே மனிதர்தான். மற்ற இரண்டு பேரும் சேர்ந்து கத்தினார்கள். கூட்டத்தில் நின்ற பெண்களும், "எடுங்க அக்கா, ஏன் வீண் வம்பு," என்றார்கள். இருக்கட்டும் விடுங்கள் என்று சொல்ல அந்த வெளியில் ஒருவரும் இல்லை.

அக்கா எல்லோரையும் ஒரு தடவை பார்த்தார். சேலைத் தலைப்பைக் கையில் சுற்றி, கேத்தலைத் தூக்கினார். தண்ணீர் இன்னும் கொதிக்கவில்லை. அதைப் பள்ளிக்கூட மதிலோரம் வைத்துவிட்டு, கரைக்கு இறங்கிப் போய்க் கயிற்றைப் பிடித்தார். நானும் போனேன். வேறு யாரும் வரவில்லை.

நாங்கள் இழுத்துக்கொண்டிருக்கும்போது மேலே மிசின்கள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசி மிசின் அடங்கியதும் அந்த அமைதியில் உத்தியோகத்தரின் குரல் எங்களுக்கும் தெளிவாகக் கேட்டது.

"இப்பதான் எல்லாம் சரியாச் செய்தீங்க," என்று அவர் சொன்னார். கூட்டம் கை தட்டியது.